டிரையர் சூட்டில் நடந்த ஒரு காலின் வழக்கு

1. முட்டை ஆறுவதற்குள்

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தையின் இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுப்பதென்று, பொகவந்தலாவைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வராந்தாவில், ஒரு வியாழக்கிழமை காலை முடிவாயிற்று. முடிவு செய்தவர் மாதம் ஒருமுறை வந்துபோகும் பெரிய டாக்டர். அந்த முடிவுக்கு அவர் செலவிட்ட நேரம் மிகக் குறைவு. துரை பங்களாவில் அவருக்காகப் பொரித்து வைத்திருந்த முட்டை ஆறிவிடக் கூடாதல்லவா?

தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்து, ஹட்டனில் படித்து, விவாத மேடையில் வளர்ந்தவன். பள்ளியின் வெள்ளிக் கிண்ணம் நான் படித்த காலமெல்லாம் வேறு கைக்குப் போனதில்லை. அடக்கம் என்ற பாடத்தை அங்கே யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி மருந்துப் புட்டிகளுக்கு நடுவே நின்றபோது ஒன்று விளங்கிற்று. தோட்டத்து டிஸ்பென்சரைத் தொழிலாளர் டாக்டரய்யா என்பார்கள். டாக்டர் டிஸ்பென்சர் என்பார். தோட்டத்தை நடத்தும் துரை பெயர் சொல்லாமல் விரலை அசைப்பார். ஒரே ஆளுக்கு மூன்று உயரம். எந்த உயரத்திலிருந்து பேசுகிறோம் என்பதை மறக்காமல் பேசுவதே இந்தத் தொழிலில் பாதி.

பெரிய டாக்டரின் குழந்தைச் சோதனையைச் சொல்லவேண்டும். வராந்தாவில் துத்தநாகத் தகடு அடித்த ஒரு மேசை. எதிரே மலை; மலையை மூடிய பனி; பனியைத் தூக்கிக்கொண்டு நேரே வராந்தாவுக்குள் வரும் காற்று. தாய்மார் வரிசையில் நின்று, முறை வந்ததும் பிள்ளையின் கம்பளியை அவிழ்த்து, அந்தத் தகட்டின்மேல் கிடத்தவேண்டும். டாக்டர் கழுத்துவரை கம்பளிக் கோட்டு மாட்டியிருப்பார். பிள்ளைக்கு அரைஞாண் கயிறு மட்டும்.

பச்சைக் குழந்தையின் தோல் குளிர் பட்டால் என்ன செய்யும் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் இரத்தம் தேங்கும். கையிலும் காலிலும் நீலமாக ஒரு வலை விரியும். சூடு பட்டதும் வலை கலைந்துவிடும். இது நோயன்று, நம் மலையில் பிறந்தவர்களுக்குக் காலநிலை தரும் முதல் வரவேற்பு. பெரிய டாக்டரோ மேசைக்கு வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் வலை இருப்பதைக் கண்டார்; எல்லாருக்கும் ‘சத்துக் குறைவு’ என்றார்; எல்லாருக்கும் மீன் எண்ணெய் எழுதினார். பனிக்கு எண்ணெய் எழுதிய மருத்துவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

“சேர், உள்ளுக்கு அடுப்பு இருக்கு. பிள்ளைகளை உள்ளுக்கு வச்சுப் பாத்தா இந்த நீலம் இருக்காது” என்று ஒருமுறை சொன்னேன்.

“டிஸ்பென்சர், நீங்க மிக்ஸ்சரக் கலக்குங்க. நோய் பாக்க நான் இருக்கிறன்” என்றார்.

அன்று வரிசையின் கடைசியில் பாக்கியம் நின்றாள். கொழுந்து பறிப்பவள், தலைப்பிள்ளைக்காரி. அவள் கம்பளியை அவிழ்த்ததும் பக்கத்தில் நின்ற தாய்மார் தம் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். குழந்தையின் உடம்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்த நீல வலை இருந்தது. இடது காலில் இருந்ததோ வேறு வலை. தொடையிலிருந்து பாதம்வரை நாவற்பழ நிறத்தில், கயிறு வைத்து இறுக்கிப் பதித்தாற்போல் தடித்த கண்ணிகள். கணுக்காலின் வெளிப்புறம் பொருக்குத் தட்டிய ஒரு சிறு புண். அதன்மேலெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் திருநீறும்.

டாக்டர் தம் பென்சிலின் முனையால் அந்தக் காலைத் தொட்டார். விரலால் அல்ல, பென்சிலால்.

“கேங்ரீன்” என்றார். பிறகு தமிழில், “கால் அழுகுது. தொப்புள் வழியா விஷம் ஏறி ரத்தம் நின்டிட்டுது. முழங்காலுக்கு மேல எடுக்காட்டி பிள்ளை தப்பாது. நாளைக்குக் காலையில லொறியில நுவரெலியாவுக்கு அனுப்புங்க. சர்ஜனுக்கு நான் சொல்லி வைக்கிறன்.”

பாக்கியத்தின் கணவன் சன்னாசி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “பெரியவங்க சொன்னா சரிதாங்க” என்றான்.

“ஒங்க கால வெட்டணும்னு சொல்லியிருந்தாலும் இப்படித்தான் தலைய ஆட்டுவீங்களா?” என்று பாக்கியம் அவன்மீது பாய்ந்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். “சாமி, கவ்வாத்து வெட்டுன செடி துளுக்கும். எம் புள்ளக் காலு துளுக்குமா?”

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ நறுக்கி மறுபடி துளிர்க்கவிடுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்பார்கள். டாக்டருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. “என்ன சொல்றா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஒரு கேள்வி கேக்கிறாங்க, சேர். பதில் உங்ககிட்டதான் இருக்கணும்” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காரில் ஏறினார், முட்டையை நோக்கிப் போனார்.

2. கங்காணியாரின் கிரகணம்

டாக்டர் போனதும் தீர்ப்புச் சொல்லும் பதவி காலியாயிற்று. வராந்தாப் படியில் நின்ற பெரிய கங்காணி வீரப்பன் அதில் உடனே ஏறிக்கொண்டார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புபவர் அவர். தலையில் உருமால் கட்டினால் அவருக்கு நீதிபதி என்ற நினைப்பு வந்துவிடும்.

“டாக்டரு சொல்றது இருக்கட்டும். காரணம் எனக்குத் தெரியும்” என்று தொடங்கினார். “ஏம்மா பாக்கியம், போன கிரகணத்தன்னிக்கு, வயித்துல புள்ளையோட, நீ வெளிய நின்னியா இல்லியா?”

“நின்னேங்க” என்றாள் பாக்கியம்.

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?”

“முழுசாக் கேளுங்க. மேல்மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னேன். இன்னிக்கு ஒருநாள் வேணாம் கங்காணின்னு பெரட்டுல ஒங்ககிட்டதான் கேட்டேன். ‘கிரகணம் புடிச்சா தொரை கொழுந்த வேணாம்பாரா?’ன்னு நீங்கதான் சொன்னீங்க.”

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கங்காணியார் உருமாலைச் சரிசெய்தார்.

“அது வேல. இது சாங்கியம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத.”

தம்பிமாரே, விவாதம் பயின்றவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அதே வரிசையில் கங்காணியாரின் மருமகள், தம் கைக்குழந்தையைப் புதுக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். நான் கங்காணியாரிடம் திரும்பினேன்.

“கங்காணி, அன்னிக்கு ஒங்க மருமக எங்க இருந்தாங்க?”

“வீட்டுக்குள்ளங்க. சன்னல்ல கம்பளி போட்டு மூடி வச்சிருந்தோம். எங்க வீட்டுல முறை தவறாதுங்க.”

மருமகளிடம் அனுமதி கேட்டு, அந்தப் பிள்ளையின் கம்பளியைக் காற்றில் சற்று விலக்கிப் பிடித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காலிலும் நீல வலை விரிந்தது.

“அப்ப இந்த வலையப் பின்னினது எந்தக் கிரகணம்?”

“அது… குளிருங்க.”

“நல்லாச் சேத்துச் சொல்லுங்க, கங்காணி. ஒங்க பேரனுக்கு வந்தா குளிரு. கொழுந்து எடுக்கிறவ புள்ளைக்கு வந்தா கிரகணம்.”

வரிசை முழுவதும் சிரித்தது. மேடையில் எனக்குக் கிடைத்த கைதட்டல்கள் எதுவும் அந்தச் சிரிப்புக்கு ஈடில்லை. ஆனால், சிரிப்பு ஓய்ந்ததும் குழந்தையின் கால் அப்படியேதான் இருந்தது. மறுநாள் காலை லொறியும் வரத்தான் போகிறது. பாக்கியம் சிரிக்கவில்லை. “காலு நிக்குமா, நிக்காதா டாக்டரய்யா?” என்று மட்டும் கேட்டாள்.

என் எண்ணத்தை வரிசைப்படுத்திக்கொண்டேன். அழுகும் கால் என்றால் குளிர்ந்து கிடக்கும், நாடி ஓடாது, அசையாது, அழுத்தினால் நிறம் மாறாது. குளிரின் வலை என்றால் சூட்டில் முற்றாகக் கலையும். இரண்டில் எது என்று சோதிக்க, என் கையே அப்போது உதவவில்லை. அந்தப் பனியில் என் விரல் நுனிகள் விறைத்திருந்தன. சூடான காலுக்கும் குளிர்ந்த காலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நாடி இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. டாக்டரின் பென்சில் எவ்வளவு அறிந்ததோ அவ்வளவுதான் என் விரலும் அறிந்தது.

வெப்பமும் வெளிச்சமும் சேர்ந்த ஓர் அறை தேவைப்பட்டது. டிஸ்பென்சரி அடுப்பு சோற்றுப் பானைக்குக் காணும். மெல்லிய நீலத்தைக் கலைக்கலாம்; இந்தத் தடித்த வலையைச் சோதிக்கும் அளவுக்கு ஓர் அறையைச் சூடாக்கக் காணாது. லயத்துக் காம்பராவில் புகை இருக்கும், வெளிச்சம் இருக்காது. பங்களாவில் கணப்பு உண்டு. என்னை அதன் சமையற்கட்டு தாண்ட விடமாட்டார்கள். எஞ்சியது ஒன்றே. எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலை. அங்கே கொழுந்தை உலர்த்தும் டிரையர் ஓடும் அறை, மின்விளக்கோடு, பகல் முழுவதும் சித்திரை வெயில்போல் கொதித்துக்கொண்டிருக்கும்.

3. வாசனை ஆகாது

ஸ்டோருக்கு ஒரு தனியரசர் உண்டு. அவரை டீமேக்கர் என்பார்கள். தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு எங்கள் டீமேக்கர் உலகத்தையே வாசலில் நிறுத்திவைத்திருந்தார். பூ வைத்த பெண் உள்ளே வரக்கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்தவன் வரக்கூடாது. வெற்றிலை போட்டவன் வாய் திறக்கக்கூடாது. பாக்கியமும், மருமகளும், இரு குழந்தைகளும், தோட்டத்து மருத்துவச்சி மேரியம்மாவும், நானும், பேரனைக் காவல் காக்கவென்று பின்னால் வந்த கங்காணியாரும் வாசலில் போய் நின்றதும், அவர் மூக்கைத்தான் முதலில் தூக்கினார்.

“டிஸ்பென்சர், இது என்ன ஊர்வலம்?”

“ஒரு கால சூட்டுல வச்சுப் பாக்கணும். டிரையர் பக்கத்துல கொஞ்ச நேரம் போதும்.”

அவர் பாக்கியத்தின் குழந்தைமேல் குனிந்து முகர்ந்தார். “நல்லெண்ணெய், மஞ்சள், வசம்பு, சாம்பிராணி. இது புள்ள இல்ல டிஸ்பென்சர், மளிகைக் கடை. இது உள்ள போச்சுன்னா லண்டன்ல டீ குடிக்கிறவன் ரசம்னு நெனைச்சுக்குவான்.”

“கழுவிட்டா?”

“வாசன இல்லாம கழுவணும். சவுக்காரம் போடக்கூடாது. வெந்நி மட்டும்.”

எவ்வளவு பெரிய அலட்டல் என்று அப்போது மனத்துக்குள் வைதேன். ஆனால், மேரியம்மா வாசலில் வெந்நீர் வாங்கி, பஞ்சால் ஒற்றியெடுத்து, மஞ்சளையும் திருநீற்றையும் கழுவியபோது எனக்கு உறைத்தது. பிறந்த நாள்முதல் அந்தக் காலைக் கங்காணியார் பார்த்தது மஞ்சளுக்கு அடியில். டாக்டர் பார்த்தது பனிக்கு நடுவில். அந்தக் காலைச் சுத்தமாகவும் சூடாகவும் சேர்த்து ஒருவரும் பார்த்ததே இல்லை. பார்க்காத காலைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் எழுதியாகிவிட்டன.

டிரையர் அறையின் மூலையில், தேயிலைக்கு எட்டத்தில், கழுவிய கொழுந்துச் சாக்கின்மேல் என் கோட்டை விரித்து இரு குழந்தைகளையும் கிடத்தினோம். சூடு பரவியது. மேரியம்மா குழந்தைகளின் வயிற்றில் கை வைத்து, அளவு மீறாமல் பார்த்துக்கொண்டார். முதலில் பேரனின் கால்கள் தெளிந்தன; வெயில் ஏற மலைச்சரிவில் பனி விலகுவதுபோல் வலை கலைந்து தோல் ஒரே நிறமாயிற்று. பாக்கியத்தின் குழந்தைக்கும் மார்பு தெளிந்தது, கைகள் தெளிந்தன, வலது கால் தெளிந்தது.

இடது கால் தெளியவில்லை. நாவற்பழ நிறம் சற்று இளகிச் செம்மையாயிற்று. கண்ணிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. வெறும் குளிர் என்ற வாதம் அத்துடன் விழுந்தது.

இப்போது என் விரல்களும் உயிர் பெற்றிருந்தன. காலைத் தொட்டேன்: வலது காலைப் போலவே சூடு. பாதத்தின்மேல் விரல் வைத்தேன்: குருவிக் குஞ்சின் தொண்டைபோல் நாடி துடித்தது. மருந்தளக்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியை வலையின்மேல் மெல்ல அழுத்தினேன்: கண்ணாடிக்குக் கீழே நிறம் வெளிறிற்று, எடுத்ததும் திரும்ப ஓடிவந்தது. உள்ளங்காலைச் சுரண்டினேன்: ஐந்து விரலும் மடங்கின. கணுக்காலின் புண் மேலோட்டமாக, காய்ந்துகொண்டிருந்தது. அழுகல் என்ற வாதமும் விழுந்தது.

இரு தரப்பும் தோற்ற விவாதத்தை அன்றுதான் முதலில் கண்டேன்.

“என்ன சீக்கு அது?” என்று டீமேக்கர் எட்டிநின்று கேட்டார்.

“கேங்ரீன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்கார்” என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டிய ஆளிடம் சொன்னேன்.

அவர் முகம் வெளிறிற்று. மறு கணம் டெலிபோனை நோக்கி ஓடினார். “அழுகுன கால ஸ்டோருக்குள்ள கொண்டாந்து வச்சிருக்காங்க, சேர்! டிரையர் பக்கத்துல!” என்று அவர் பங்களாவுக்கு அலறியது எங்களுக்கும் கேட்டது.

4. கார் வந்தது

அன்று காலை ஒரு காலுக்காக மேசையருகே நிற்க முடியாத பெரிய டாக்டர், ஒரு பெட்டித் தேயிலைக்காகத் துரையின் காரில் பறந்து வந்தார். வாயோரத்தில் முட்டை மஞ்சள்கூடத் துடைக்கப்படவில்லை. துரை முன்னால் வந்தார்.

“டிஸ்பென்சர்! என்னா இது? இது ஸ்டோர். ஆஸ்பத்திரி இல்லே. கேங்ரீன் எங்கே?”

“அதைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம், சேர்” என்றேன்.

பெரிய டாக்டர் சிவந்தார். “நான் காலையில பாத்துச் சொல்லியாச்சு. திரும்பப் பாக்கிறதுக்கு உமக்கு யார் அதிகாரம் தந்தது?”

“நீங்க குளிருல பாத்தீங்க, சேர். இப்ப ஒருக்கா சூட்டுல பாருங்க. பாதத்துல விரல வச்சா நாடி தெரியும்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பென்சிலோடு குனிந்தார். சூட்டில் உற்சாகம் பெற்றிருந்த குழந்தை அந்த இடது காலை மடக்கி நீட்டியது. பென்சில் பறந்துபோய்க் கொழுந்துச் சாக்குக்கு அடியில் விழுந்தது.

“செத்த காலு ஒதைக்குதே!” என்றாள் பாக்கியம்.

துரை குழந்தையைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நிமிர்ந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என்மேல் பாய்ந்தார்.

“சரி. கேங்ரீன் இல்ல, குளிரும் இல்ல. அப்ப இது என்ன? பேரைச் சொல்லும், பாப்பம்!”

மேடையில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவன் தோற்றவன். எத்தனையோ பேரை நான் இப்படி உட்காரவைத்திருக்கிறேன். கையில் கிடைத்த ஒரு லத்தீன் சொல்லை வீசியிருந்தால் அந்த அறையில் மறுக்க ஆளில்லை.

“தெரியாது, சேர்” என்றேன்.

“தெரியாதாம்!” என்று அவர் துரை பக்கம் திரும்பிச் சிரித்தார். கங்காணியாரும் கடமை தவறாமல் சிரித்தார். டீமேக்கர் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தை சாக்கை நனைத்துவிடுமோ என்ற கவலை அவருக்கு.

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு மேடைத் தமிழ் தானாகவே வந்தது. “பெயர் தெரியாத நோயாக இருந்தால் நாம் காத்திருக்கலாம், சேர். பெயர் தவறிய நோயாக இருந்தால், பிள்ளைக்குக் காத்திருப்பது கத்தி. இது என்னவென்று நான் அறியேன். எது அல்ல என்பதை இந்தக் கால் இப்போது தானே சொல்லிவிட்டது. காலை வெட்டுவதற்குத் தாங்கள் சொன்ன காரணத்தில் ஒன்றேனும் இந்த அறைக்குள் நிற்கிறதா?”

டாக்டர் வாய் திறப்பதற்குள் பாக்கியம் துரையின் முன்னால் போய் நின்றாள்.

“தொர, கவ்வாத்துக் கத்தி எடுக்க முந்தி ஒவ்வொரு செடியவும் கையால புடிச்சுப் பாக்கச் சொல்லுவீங்க. பாக்காம வெட்டுனா அரப்பேரு போடுவீங்க. எம் புள்ளய இவரு கையாலகூடத் தொடல.”

அரைப்பேர் என்றால் அன்றைய கூலியில் பாதி வெட்டு. துரைக்கு மருத்துவம் தெரியாது. பிள்ளைகளைப் பற்றியும் அதிகம் தெரியாது. தேயிலை தெரியும். என் சொற்பொழிவு அவர் காதில் ஏறவில்லை என்பதை நான் கவனித்தேன். கவ்வாத்து ஏறிற்று.

“நைஃப் இப்போ வேணாம்” என்றார். “லொறி நாளைக்கு நுவரெலியா போகாது. கண்டி போகும். புள்ளே டாக்டர் பாக்கட்டும்.”

“நானும் அதைத்தான் சொல்ல இருந்தனான்” என்றார் பெரிய டாக்டர்.

“குட். இப்போ எல்லாம் வெளியே போ. டீ கெட்டுப் போகும்.”

5. பளிங்கு

கண்டியில் குழந்தையைப் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். பென்சில் எடுக்கவில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையை விளக்கடியில் கிடத்தினார். வலையை நெடுநேரம் பார்த்தார், நாடாவால் இரு தொடைகளையும் அளந்து, இடது தொடை சற்று மெலிந்திருப்பதைக் காட்டினார், கண்களைப் பார்த்தார், இதயத்தைக் கேட்டார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சூட்டில் வைத்துப் பார்த்தீர்களா?”

“பார்த்தோம், டாக்டர். மற்றதெல்லாம் கலைந்தது. இது கலையவில்லை.”

“அதுதான் விடை” என்றார். க்யூட்டிஸ் மார்மொராட்டா டெலாஞ்சியெக்டாட்டிக்கா கஞ்செனிட்டா. மேடையில் ஒரே மூச்சில் சொன்னால் எதிரணி எழுந்து போய்விடும். பொருள் எளிது: பிறவியிலேயே தோலின் சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து, பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகள்போல் தெரிவது. மிக அரிது. பெரும்பாலும் ஓர் உறுப்பில் மட்டும் வரும். குளிரிலும் அழுகையிலும் கறுக்கும், சூட்டில் இளகும், முற்றாக மறையாது. சில வேளை மேலே சிறு புண் வரும். சுத்தமாக வைத்தால் ஆறும். வளர வளரப் பெரும்பாலும் மங்கிவிடும். காலுக்கு ஆபத்தில்லை, வளர்ச்சியை மட்டும் பார்த்துவரவேண்டும்.

பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கிரகணம்?” என்றாள்.

“சூரியனுக்கு இந்தக் காலோடு ஒரு பகையும் இல்லை” என்றார் மருத்துவர்.

அந்த ஒரு கால் எனக்குப் பின்னும் பயன்பட்டது. றொசல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பிறந்து சில நாளே ஆன பிள்ளை ஒருக்களித்துக் கிடக்கும்போது, உடம்பின் நடுவே கோடு கிழித்தாற்போல், கீழ்ப்பாதி சிவந்தும் மேல்பாதி வெளுத்தும் போயிற்று. மாந்திரீகருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். நான் பிள்ளையை மறுபக்கம் திருப்பிக் கிடத்திவிட்டுக் காத்திருந்தேன். கோடு தானே மறைந்தது. பிள்ளை பால் குடித்தது. பிறந்த புதிதில் இரத்தக் குழாய்கள் இன்னும் தம் வேலையைப் பழகாததால் வருவது அது. மாந்திரீகர் வந்து சேர்ந்தபோது ஓட்டுவதற்குப் பேய் இல்லை.

ஆகவே, தம்பிமாரே, பச்சைக் குழந்தையின் தோலில் விசித்திரமான நிறம் கண்டால் முதலில் பூசியதைக் கழுவுங்கள். பிறகு பிள்ளையைச் சூடாக்குங்கள். உங்கள் கையையும் சூடாக்குங்கள். தொட்டுப் பாருங்கள், அழுத்திப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள். வாய் கடைசி. தெரியாது என்று சொல்ல நேர்ந்தால் உரக்கச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் அடுத்தவர் அந்த இடைவெளியில் கத்தியை நுழைத்துவிடுவார்.

பெரிய டாக்டர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் வந்தார். “என்ட கேங்ரீன் கேஸ் எப்பிடி? மீன் எண்ணெய் குடுத்தீங்களா?” என்றார்.

“கால் மீன் மாதிரியே துள்ளுது, சேர்” என்றேன். அவர் மகிழ்ந்து தலையசைத்தார். பிறகு மேசையை அறைக்குள் மாற்றச் சொன்னார். வராந்தாக் குளிர் தம் முழங்காலுக்கு ஆகவில்லையாம்.

6. அடுத்த கிரகணம்

பாக்கியத்தின் மகள் நடக்கத் தொடங்கிய பிறகு இன்னொரு கிரகணம் வந்தது. அன்று காலை நான் பெரட்டுக் களத்துக்கு அம்மைப்பால் குத்துவதைப் பற்றிச் சொல்லப் போயிருந்தேன். பெரிய கங்காணி வழக்கம்போல் ஆள் பிரித்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களையும் மேல்மலைக்குக் கூப்பிட்டார்.

பாக்கியம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“கங்காணி, இன்னிக்கு கிரகணம். வயித்துல புள்ளையோட இருக்கிறவங்க மலைக்குப் போகமாட்டாங்க.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான். டிஸ்பென்சரி வராந்தாவுல, அத்தன பேரு முன்னால சொன்னீங்க. வெளிய நின்னதாலதான் எம் புள்ளக் காலு இப்படி ஆச்சுன்னு. அப்ப அது பொய்யா?”

கங்காணியார் வாயைத் திறந்தார். பொய் என்றால் வராந்தாவில் அவர் சொன்னது போயிற்று. உண்மை என்றால் மலைக்கு ஆள் போயிற்று. உருமாலைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் உதவவில்லை. இறுதியில், களத்தின் ஓரத்தில் நின்ற என்னைக் கண்டார். முகம் மலர்ந்தது.

“டாக்டரய்யா, நீங்க படிச்சவங்க. கிரகணத்தால புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கண்டியிலேயே சொல்லிட்டாங்களாமே. இதுகளுக்கு எடுத்துச் சொல்லுங்க.”

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியமும் பார்த்தாள். பேச அழைத்த மேடையில் நான் பேசாமல் இறங்கியது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

“சாங்கியத்தப் பத்தி ஒங்களுக்குத்தான் தெரியும், கங்காணி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெண்கள் அன்று லயத்துக்குத் திரும்பிப் போனார்கள். முன்னால் பாக்கியம் போனாள். அவள் இடுப்பிலிருந்து ஓர் இடது கால், காலைப் பனியில் பளிங்குபோல் கோடு கோடாக, எதையோ உதைத்து உதைத்து ஆடிக்கொண்டே போயிற்று.